பிரித்துப் பூட்டிய சைக்கிள்கள்

எங்கள் வீட்டுச் சைக்கிள்களில் வயதில் மூத்தது அப்பாவின் ஹெர்குலிஸ். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பெடல் தண்டை அச்சோடு பூட்டுகிற ஒரு காட்டர் பின்னோ பிரேக் கட்டையோ வேண்டுமென்றால் இன்றைக்கும் புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் நின்ற நிலையில் வாங்கிவந்துவிடலாம். சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய கியர் சைக்கிள் அதைவிட நாற்பது வருஷம் இளையது. கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு ஒன்று கிடைக்காமல் அது மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து கிடந்தது. இத்தனை வருஷம் வாங்கி, ஓட்டி, பிரித்து, பூட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சைக்கிளின் ஆயுள் அதன் ஃப்ரேமில் இல்லை, பக்கத்துக் கடையின் டப்பாவில் இருக்கிறது.

ஹெர்குலிஸில் இருந்தே தொடங்குகிறேன். அம்பத்தூரில் செய்த வண்டி. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் ஆரம்பித்த டிஐ சைக்கிள்ஸில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் வந்தன. அப்பா அதை ஆலங்குடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், கனமான கேரியர், சுத்தமாக இருபது கிலோவுக்கு மேல் எடை. அரிசி மூட்டை, வைக்கோல் கட்டு, பள்ளிக்கூடம் போகிற நாங்கள் என எல்லாம் அந்தக் கேரியரில்தான். பாருக்கு அடியில் காலை நுழைத்து குரங்குப் பெடல் போட்டுத்தான் நானும் பழகினேன். முழங்காலில் தழும்பு இல்லாமல் பழகியவர் யாராவது இருக்கிறார்களா தெரியாது.

அந்தக் காலத்தில் சைக்கிளை வருஷத்துக்கு ஒருமுறை 'ஓவராயில்' செய்வார்கள். எங்கள் ஊர்க் கடையில் விடுமுறை நாளில் போய் உட்கார்ந்தால் கடைக்கார அண்ணன் முதலில் தருகிற வேலை பால்ரஸ் கழுவுவது. அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, கறுப்புக் கிரீஸ் அப்பிய குண்டுகளைப் போட்டு விரலால் அளைய வேண்டும். கழுவியதும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டு மொத்தத்தையும் மாற்றிவிடுவார். பழசோடு புதுசைக் கலந்தால், தேயாத புதுக் குண்டுதான் முழுப் பாரத்தையும் தாங்கும், குண்டு உருள்கிற கிண்ணமான கப்பைக் கொத்திவிடும். கணக்கை அவர் வாயாலேயே மனப்பாடம் செய்தேன்: முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று. முன்னால் போடுவது 3/16 அங்குலம், மற்ற இரண்டும் கால் அங்குலம். “இடம் இருக்கேன்னு இன்னொண்ணைத் திணிச்சுடாதே தம்பி, உருளறதுக்கு எடம் விடணும்” என்பார். பல வருஷம் கழித்து வேறு வேறு கம்பெனி வண்டிகளைப் பிரித்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை.

அடுத்தது அம்மாவின் சைக்கிள். 1991, 92 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் பிடிவாதமாக இருந்தார். கல்குவாரிக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த வண்டியையே வாங்கியவர்களும் உண்டு. அம்மாவும் முதலில் அப்பாவின் ஹெர்குலிஸில்தான் பழகினார், சேலையைச் சொருகிக்கொண்டு. பிறகுதான் தனக்கென்று ஒன்று வாங்கினார்.

லேடீஸ் வண்டி என்றால் இளப்பமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார் இல்லாததால் முன் குழாய் இரண்டும் கீழே இறங்கிப் போகும். ஃப்ரேம் பாரத்தில் கொஞ்சம் முறுக்கும். அதனால் அதில் குடம் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுவார்கள். அம்மா கேரியரின் இரு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் குடம் கட்டி, ஹேண்டிலில் ஒன்று மாட்டி தண்ணீர் கொண்டுவருவார். விளைவு, பின் சக்கரத்தில் கம்பி அறுவது வழக்கமாகிவிட்டது. அறுவது எப்போதும் செயின் பக்கம்தான், அதுவும் சக்கர நடுவில் இருக்கிற ஹப்பின் துளையில் வளைந்து நுழைகிற இடத்தில். அந்தப் பக்கம் பின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இழுவிசை அதிகம். கம்பி மாற்ற ஃப்ரீவீலைக் கழற்றியாக வேண்டும். இதற்காகவே முதன்முதலாக நான் சொந்தக் காசில் வாங்கிய ஆயுதம் ஃப்ரீவீல் கழற்றி. அதை வைசில் கடித்துக்கொடுத்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி பிடித்துத் திருப்பினால் எப்பேர்ப்பட்ட இறுக்கமும் விட்டுக்கொடுக்கும்.

கல்லூரிக்குத் திருச்சி போனபோது எல்லாருக்கும் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் மேல்தான் கண். எனக்குக் கட்டுப்படியாகவில்லை, அதே 26 அங்குல மெல்லிய டயர் வகையில் வேறொரு வண்டி, மூன்றாம் கை. ஓட்ட சுகமாக இருக்கும். அதை முழுசாகப் பிரித்துப் பூட்டியபோதுதான் டயர் அளவு என்கிற குழப்பம் எனக்கு விளங்கியது. இதை இப்போதும் நிறைய பேர் மாற்றி வாங்கிவிட்டு முழிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் அந்த டயர் உட்காருகிற ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.75, 26 × 2.125 என்று தசமத்தில் எழுதியிருந்தால் அது எம்டிபி என்கிற மலைப்பாதைச் சைக்கிள் வகை, விட்டம் 559. இரண்டுக்கும் பெயர் 'இருபத்தாறு'தான், ஆனால் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. இதேபோல நம் பழைய 28 × 1½ வண்டிக்கு 635. இப்போது வருகிற 700சி என்கிற ஹைப்ரிட், ரோடு பைக் டயருக்கு 622. அதையும் சில கடையில் 'இருபத்தெட்டு' என்றே சொல்லித் தருவார்கள். டயரின் பக்கவாட்டில் 40-635, 37-590 என்று சின்ன எழுத்தில் ஒரு ஜோடி எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்கினால் வம்பே இல்லை. அங்குலக் கணக்கை நம்பாதீர்கள்.

அந்த வண்டி படிப்பு முடிகிறவரை ஓடியது. ஜூனியர் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னை வந்து சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு கியர் சைக்கிள் ஆசை. 2010களில் எல்லாரும் ஞாயிறு அதிகாலையில் ஈசிஆரில் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். அலுமினிய ஃப்ரேம், ஹெர்குலிஸை ஒரு கையால் தூக்கவே முடியாத எனக்கு இதைத் தோளில் போட்டு மாடி ஏறுவது பெரிய சந்தோஷம். உண்மையைச் சொன்னால் அந்த 21இல் ஆறேழு கியரைத்தான் பயன்படுத்தினேன். சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்.

ஒருநாள் மாமல்லபுரம் தாண்டிப் போகும்போது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பின் டெரெய்லர் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு அதைத் தாங்குகிற ஹேங்கர் முறிந்தது. ஹேங்கர் என்பது ஃப்ரேமின் பின் முனையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய சின்ன அலுமினியத் துண்டு. அடிபட்டால் ஃப்ரேம் தப்பித்துத் தான் முறியட்டும் என்றே வைத்தது. நல்ல யோசனைதான். பையில் செயின் கழற்றி இருந்தது; டெரெய்லரை அவிழ்த்து, செயினைக் குறைத்து, நடுப் பல்லில் மாட்டி ஒற்றை கியராக வீடு வந்து சேர்ந்தேன். தொல்லை அதற்குப் பிறகு. ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் ஸ்க்ரூ துளை நகர்ந்திருக்கும். விற்ற கடையில் கேட்டால் “அந்த மாடல் நின்னுபோச்சு சார், புதுசு ஒண்ணு பார்க்கறீங்களா” என்றார்கள். கடைசியில் லேத் பட்டறையில் ஆறு மில்லி அலுமினியத் தகட்டில், உடைந்த துண்டை ஒட்டவைத்து வரைந்த அளவில் ஒன்று செய்து வாங்கினேன். டெரெய்லர் ஏறுகிற துளைக்கு 10 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர் டேப் போட்டுப் புரி வெட்ட வேண்டும். இந்த ஒன்று மட்டும் ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் பொது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் அந்த வண்டி மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, விற்றுவிட்டேன்.

இனி ஹெர்குலிஸ். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்ததை வெளியே இழுத்தேன். டயர் இரண்டும் மக்கிப் பொடிந்திருந்தன. பின் ரிம்மில் துரு ஓட்டையே போட்டிருந்தது. செயின் ஒரே கம்பியாக விறைத்திருந்தது. ஆனால் ஃபோர்க்கிலும் குழாய் சேருகிற லக்குகளிலும் ஒரு கீறல் இல்லை.

முதல் மல்லுக்கட்டு காட்டர் பின்னோடு. பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அது காட்டர் தளர்ந்த சத்தம். பழைய சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் காதிலேயே இருக்கும். பெடலைத் தாங்குகிற தண்டான கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பூட்டுகிற ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டு, அந்தச் சரிவு அச்சின் வெட்டில் அழுந்தி நிற்கும். கழற்றும்போது நேராகச் சுத்தியலால் அடித்தால் அடி முழுக்கப் பால்ரஸுக்கும் கப்புக்கும் போகும். அதனால் கிராங்குக்கு அடியில் தரை வரை ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னின் தலை அந்தக் குழாயின் வாய்க்குள் இறங்குகிற மாதிரி. நட்டை முழுசாக எடுக்காமல் பின் நுனியோடு மட்டமாக நிறுத்திவிட்டு, பெரிய சுத்தியலால் ஒரே போடு. சின்னச் சுத்தியலால் பத்து அடி அடித்தால் நுனி நசுங்கிக் குடை விரிக்குமே தவிரப் பின் நகராது. எனக்கு வலது பக்கம் சுலபமாக வந்தது. இடது பக்கத்தில் இரண்டு நாள் துரு எண்ணெய் ஊறவைத்து, கிராங்கைச் சூடுகாட்டி, அப்புறம்தான் அசைந்தது.

புதுக் காட்டர் கடையில் வாங்கியபடியே பொருந்தாது. சரிவை அரத்தால் இழைத்து, நுழைத்துப் பார்த்து, மறுபடி இழைக்க வேண்டும். இரண்டு பின்னிலும் ஒரே அளவு இழைக்காவிட்டால் பெடல் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. பூட்டும்போது ஒன்று மேலிருந்து இறங்கினால் மற்றது கீழிருந்து ஏற வேண்டும்; இரண்டையும் ஒரே திசையில் போட்டாலும் கோணல்தான். அடித்து இறக்கி நட்டை முடுக்கியதோடு முடியவில்லை. ஊரைச் சுற்றி ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு தட்டு, ஒரு முடுக்கு. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் தொட வேண்டாம்.

அச்சுக் கப்பைக் கழற்றும்போது திசை முக்கியம். செயின் பக்கத்துக் கப்பு இடம்புரி, அதாவது கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால் கழலும். இது தெரியாமல் நீளமான பைப்பு போட்டு இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கப்பின் புரிக்கு பிஎஸ்ஏ புரி என்றே உலகம் முழுக்கப் பெயர். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பிஎஸ்ஏ என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி. முத்திரையிலேயே மூன்று துப்பாக்கி சாய்ந்து நிற்கும். அவர்கள் போட்ட அளவை இன்றைக்கும் லட்ச ரூபாய் ரோடு பைக்குகளில் பார்க்கலாம். ஃப்ரீவீல் புரியும் அதே அளவுதான். எல்லாரும் இந்த வழிக்கு வந்துவிடவில்லை. நாட்டிங்காம் ராலே நெடுங்காலம் தனக்கென்று 26 புரி வைத்திருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய ராலே யாரிடமாவது இருந்தால் கப்பைத் தூக்கிப் போடாதீர்கள், 24 புரிக் கப்பு அதில் ஏறாது.

பின் ரிம் புதுசு வாங்கியாகிவிட்டது. முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின்னதுக்கு 40. பாரம் பின்னால் என்பதால் இந்த ஏற்பாடு, ரிம் வாங்கும்போது துளையை எண்ணி வாங்க வேண்டும். கம்பி கோத்துவிட்டுக் கோட்டம் எடுக்க உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்தால் எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ராடு பிரேக் வண்டியில் பக்கவாட்டுக் கோட்டம் கொஞ்சம் இருந்தாலும் மன்னிக்கலாம். ஏற்ற இறக்கம் இருக்கவே கூடாது. ஏனென்றால் அதில் பிரேக் கட்டை ரிம்மைப் பக்கத்தில் கவ்வுவதில்லை, உள்வட்டத்திலிருந்து மேல்நோக்கி இழுபடுகிறது. ரிம் ஓரிடத்தில் மேடாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை உதைக்கும். மற்றபடி ராடு பிரேக்கைப் பற்றிப் பெருமை பேச எனக்கு ஒன்றும் இல்லை. மழை பெய்து குரோம் ரிம் நனைந்துவிட்டால் காலைத் தரையில் தேய்ப்பதே மேல்.

ஒரே ஒரு மாற்றம் செய்தேன். முன்னால் 44 பல், பின்னால் 18 என்று இருந்ததில் பின்னதை 20 ஆக்கினேன். முன்பு ஒரு முழு மிதிக்கு ஐந்தரை மீட்டர் வாக்கில் போனது, இப்போது ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்காற்றில் மூச்சு வாங்குவது குறைந்தது. அச்சைக் கால் அங்குலம் முன்னால் தள்ளியதே போதும், செயினை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

டைனமோவை விடவில்லை. சைக்கிளில் லைட் இல்லாமல் போனால் போலீஸ் டயர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்து டைனமோ, 6 வோல்ட், 3 வாட். அதன் குண்டு பல்பு இப்போது ஊர்ச் சாலையில் எதிரே வருகிற வண்டி வெளிச்சத்தில் காணாமலே போகிறது. டைனமோவில் வருவது மாறுதிசை மின்சாரம். நான்கு டையோடால் ஒரு பிரிட்ஜ், ஒரு கெப்பாசிட்டர், பழைய ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒரு 3 வாட் எல்ஈடி, அதன் முதுகில் ஒரு அலுமினியத் தகடு. அவ்வளவுதான். கெப்பாசிட்டர் மட்டும் தாராளமாக வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், எல்ஈடி ஒயர் கழன்ற நிலையில் வேகமாக ஓட்டினால் மின்னழுத்தம் எகிறிவிடும்.

பெயின்ட் அடிக்கவில்லை. மட்கார்டில் கையால் இழுத்த தங்கக் கோடு அரையும் குறையுமாக இன்னும் தெரிகிறது. துருப்பிடித்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவியதோடு சரி. பவுடர் கோட்டிங் செய்து பளபளவென்று வைத்திருக்கிற பழைய வண்டிகளைப் பார்த்தால் எனக்கு ஏனோ ஒட்டவில்லை. தோல் சீட்டுக்கும் எண்ணெய் கொஞ்சமாகத்தான். அளவுக்கு மீறினால் தோல் தொய்ந்து நடுக்கம்பியில் உட்கார வேண்டியதாகிவிடும்.

இதைப் பார்த்துவிட்டுப் பழைய சைக்கிள் வாங்கலாமா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். டயர், டியூப், செயின், கம்பி, ரிம், பால்ரஸ், கட்டை இதெல்லாம் போனதென்று பயப்பட வேண்டாம், எல்லாம் கிடைக்கும். ஃபோர்க் தலையில் சேருகிற இடத்தையும், பெடல் அச்சுக் குழலின் அடிப்பக்கத்தையும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அந்த அடிப்பக்கத்தில்தான், துரு அங்கேதான் உள்ளிருந்து தின்னும். செயினைக் கழற்றச் சொல்லி, இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கப்பு மாற்ற வேண்டும், அது ஒன்றும் பெரிய செலவில்லை. கடைசியாக சீட் நட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருகிப் பாருங்கள். தண்டு அசைந்தால் சந்தோஷம். ஃப்ரேமோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எடுக்க எண்ணெய், சூடு, பைப் ரிஞ்சு என்று ஒரு வாரம் போகும், உங்கள் உயரத்துக்குச் சீட்டை ஏற்றவும் முடியாது. அந்த வண்டிக்கு விலையைப் பாதியாகக் கேளுங்கள், மசியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.